ஜிசிசி 13 அரே எல்லை வார்னிங்: கோடில் 4 எங்குமே இல்லை, கம்பைலர் மட்டும் 4 என்கிறது

ஓசூர்ரோடு எழுதியது:

வணக்கம். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் சின்ன டீம் எங்களுடையது, ஒரு நெட்வொர்க் சிப்புக்கான லினக்ஸ் டிரைவரைப் பராமரிக்கிறோம். இவ்வளவு காலம் 5.10 கெர்னலில் ஓடிக்கொண்டிருந்ததை இப்போது 6.6-க்கு நகர்த்துகிறோம், கம்பைலரும் (ஜிசிசி) 13-ஆவது வெர்ஷன் ஆகிவிட்டது. சிப் காருக்குள் போகிறது என்பதால், அரேக்கு வெளியே படிக்கிற, எழுதுகிற இடங்களைச் சுட்டும் அரே எல்லை வார்னிங்கை ஆன் செய்து ஒன்றுகூட இல்லாத பில்டைக் காட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். கெர்னல் மேக்ஃபைல் அதை அணைத்தே வைத்திருக்கிறது, அதனால் கூடுதல் கம்பைலர் ஃபிளாக் கொடுக்கிற கேசிஃபிளாக்ஸ் வழியாக -டபிள்யூஅரே-பவுண்ட்ஸ் கொடுத்து எங்கள் டைரக்டரியை மட்டும் பில்டு செய்து பார்த்தேன். திரை நிறைய வார்னிங்.

அதில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. கம்பெனி கோடு என்பதால் பெயர்களை மாற்றி, தமிழிலேயே எழுதுகிறேன், வடிவம் மட்டும் அப்படியே (லேன் என்பது சிப்பின் ஒரு சிக்னல் பாதை):

```
வாய்டு லேன்_சரிபார்(டெவ், யு32 லேன்)
{
    இஃப் (லேன் >= 4)
        டெவ்_எர்ர்(டெவ், "லேன் எண் தவறு");
}

யு32 லேன்_ஆஃப்செட்(டெவ், யு32 லேன்)
{
    லேன்_சரிபார்(டெவ், லேன்);
    ரிட்டர்ன் ஆஃப்செட்_டேபிள்[லேன்];
}
```

லேன்_கெயின் என்று இன்னொரு ஃபங்ஷன், அதுவும் இதே அச்சு, டேபிள் மட்டும் வேறு. இரண்டு டேபிளும் 4 இடம் உள்ளவை. லேனை அமைக்கிற ஃபங்ஷன் இந்த இரண்டையும் அடுத்தடுத்து அழைக்கிறது. வார்னிங் ஆஃப்செட் டேபிளைப் படிக்கிற வரியில் வருகிறது: சப்ஸ்கிரிப்ட் 4, 'யு32[4]' அரேயின் எல்லைக்கு மேலே இருக்கிறது என்கிறது. எங்கள் கோடில் யாருமே 4-ஐ அனுப்புவதில்லை. லேன் எண் டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் ஃபைல்) வருகிறது, ரன்டைமில்தான் தெரியும், கம்பைலருக்கு 4 என்ற எண் எங்கிருந்து கிடைத்தது?

இதைவிடக் குழப்பம் என்னவென்றால், கீழே இருக்கிற லேன்_கெயின் அழைப்பை கமெண்ட் செய்தால் மேலே ஆஃப்செட் வரியில் இருந்த வார்னிங் காணாமல் போகிறது. அடுத்த வரியை எடுத்தால் முந்தைய வரி எப்படிச் சரியாகும்?

டீமில் ஒருவர் அந்த ஃபைலுக்கு மட்டும் வார்னிங்கை அணைத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் லேனை 3-உடன் ஆண்ட் செய்துவிட்டால் கம்பைலர் வாயை மூடிவிடும் என்கிறார் (மூடிவிடுகிறது, பார்த்துவிட்டேன்). எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. இது பொய் வார்னிங்கா, நிஜமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

————

ஒயிட்ஃபீல்டு_அக்கா எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. கெயின் அழைப்பை எடுத்தால் வார்னிங் போகிறது என்று கவனித்தீர்களே, அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

-ஓ2 ஆப்டிமைசேஷன் மட்டத்தில் ஜிசிசி முதலில் இந்தச் சின்ன ஃபங்ஷன்களையெல்லாம் இன்லைன் செய்து, அதாவது அழைத்த இடத்திலேயே ஒட்டி, ஒரே உடம்பாக ஆக்கிவிடும். அதன் கண்ணுக்கு உங்கள் கோடு இப்படித் தெரிகிறது: லேன் 4-ஓ அதற்கு மேலோ என்றால் பிழை அச்சிடு, ஆஃப்செட் டேபிளைப் படி, மறுபடியும் லேன் 4-ஓ அதற்கு மேலோ என்றால் பிழை அச்சிடு, கெயின் டேபிளைப் படி. ஒரே கேள்வி இரண்டு முறை கேட்கப்படுகிறது, நடுவில் லேன் மாறவில்லை. முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் இரண்டாவதுக்கும் 'ஆம்'தான், திரும்பக் கேட்பது வீண் என்று கம்பைலர் முடிவு செய்கிறது. இதற்குப் பெயர் ஜம்ப் த்ரெடிங். அந்த இரண்டாவது கேள்வியைத் தவிர்க்க, நடுவில் இருக்கிற ஆஃப்செட் படிப்பை இரண்டு நகல் எடுக்கிறது: 'இல்லை' என்று வந்தவர்களுக்கு ஒன்று, 'ஆம்' என்று வந்தவர்களுக்கு ஒன்று. 'ஆம்' பக்கத்து நகலில் லேன் நிச்சயமாக 4 அல்லது அதற்கு மேல். அந்த நகலிலும் டேபிள் படிக்கப்படுகிறது. எண் வரம்புகளைக் கணக்கிடும் கம்பைலர் கட்டம் வந்து பார்க்கும்போது, 4-லிருந்து மேலே போகிற ஒரு வரம்பை வைத்து 4 இடம் உள்ள அரேயைத் தொடுகிற வரி கண்ணில் படுகிறது. அந்த வரம்பின் கீழ் எல்லைதான் உங்களுக்குத் தெரிகிற 4. யாரும் அனுப்பியதல்ல, நீங்கள் எழுதிய '>= 4' என்பதிலிருந்தே எடுத்தது.

கெயின் அழைப்பை எடுத்துவிட்டால் இரண்டாவது கேள்வி இல்லை, நகல் எடுக்கக் காரணமும் இல்லை. இரண்டு பாதையும் ஒரே ஆஃப்செட் வரியில் சேர்ந்துவிடும், அங்கே லேன் என்னவாகவும் இருக்கலாம், அதனால் கம்பைலருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டை அப்போதும் அப்படியேதான் இருக்கிறது, பார்க்கிற வெளிச்சம் மட்டும் போய்விட்டது.

இப்போது பொய்யா நிஜமா என்ற கேள்விக்கு வாருங்கள். அந்த சரிபார் ஃபங்ஷன் என்ன செய்கிறது? அப்பார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் தெரியாத ஆளின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டுவிடுவது போல, பிழையை லாகில் எழுதிவிட்டு அதே தவறான லேனுடன் டேபிளுக்குள் போக விடுகிறது. டெவ்_எர்ர் ஒரு அச்சிடும் வேலை மட்டும், அதற்குப் பிறகு கோடு நிற்பதில்லை. கம்பைலர் உங்களிடம் சொல்வது இதுதான்: லேன் 4 ஆகலாம் என்று நீங்களே நினைத்துத்தான் இந்தச் சோதனையை எழுதியிருக்கிறீர்கள், அப்படி ஆனால் அடுத்த வரியில் அரேக்கு வெளியே படிக்கிறீர்கள். இதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் போர்டில் அந்த டிவைஸ் ட்ரீ ஒருபோதும் 4 கொடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது, வாடிக்கையாளரின் ஆடிட்டருக்கும் தெரியாது.

ஆண்ட் 3 வேண்டவே வேண்டாம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். லேன் 4 என்று வந்தால் அது 0 ஆகிவிடும், 5 வந்தால் 1. மெமரி கெடாது, வார்னிங்கும் வராது, ஆனால் டிரைவர் தப்பான லேனுக்குக் கெயின் எழுதும். லிங்க் ஏன் விழுகிறது என்று ஹார்டுவேர்காரர்கள் லேபில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், லாகில் ஒரு வரி தடயம் இருக்காது. வெளிப்படையாகத் தெரிந்த பிழையை யாரும் தேடாத இடத்தில் கொண்டுபோய் ஒளித்து வைப்பது அது.

சரியான வழி, சோதனை தோற்றால் அங்கேயே திரும்புவது. சரிபார் ஃபங்ஷன் வாய்டாக இருக்கக் கூடாது, தவறு என்றால் -ஈஇன்வால் (தவறான மதிப்பு என்ற எரர்) கொடுக்கட்டும், அழைக்கிறவர் அதைப் பார்த்துத் திரும்பட்டும். லேன் எண் டிவைஸ் ட்ரீயிலிருந்து மட்டும்தான் வருகிறது என்றால் இன்னும் நல்ல இடம் டிவைஸைத் தொடங்கிவைக்கிற ப்ரோப் ஃபங்ஷன். அங்கே ஒரே ஒரு முறை சோதித்து, தவறாக இருந்தால் ப்ரோப்பையே தோற்கடித்துவிடுங்கள், உள்ளே இருக்கிற அரைகுறைச் சோதனைகளை எடுத்துவிடலாம். வேறு வழியாகவும் லேன் உள்ளே வருமா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள், ஈத்டூல், டிபக்எஃப்எஸ் மாதிரி யூசர் பக்கத்திலிருந்து டிரைவரைத் தொடுகிற வழிகள். யூசர்ஸ்பேஸிலிருந்து வருகிற இண்டெக்ஸ் என்றால் அங்கேயும் சோதனை வேண்டும், கூடவே அரே_இண்டெக்ஸ்_நோஸ்பெக் தேவைப்படலாம். அது 2018-ல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைக்காக வந்தது, ஊகத்தில் ஓடுகிற ப்ராசஸரை மட்டும்தான் கட்டிப்போடும். சோதனைக்கு மாற்றாக அதைப் போடக் கூடாது, சோதனை முடிந்த பிறகுதான்.

'இது நடக்கவே கூடாது' என்கிற இடமாக இருந்தால் இஃப்புக்குள் வார்ன்_ஆன்_ஒன்ஸ் வைத்து, அதே இஃப்பில் ரிட்டர்ன் செய்கிற வழக்கம் கெர்னலில் நிறைய உண்டு. வார்ன்_ஆன் மட்டும் போட்டுவிட்டுத் தொடர்ந்தால் டெவ்_எர்ர் கதையேதான், அதுவும் நிற்காது. பக்_ஆன் போட்டால் கம்பைலர் அமைதியாகிவிடும், ஏனென்றால் அதற்கு அப்பால் பாதை இல்லை என்று அதற்குத் தெரியும். ஆனால் ஒரு லேன் எண்ணுக்காக மெஷினையே கொல்வதை அப்ஸ்ட்ரீமில் யாரும் ஏற்க மாட்டார்கள். கெர்னல் ஆவணத்திலேயே பக்_ஆன்-ஐப் புதிதாகச் சேர்க்காதீர்கள் என்று இருக்கிறது.

உங்கள் பட்டியலில் மிச்சம் இருப்பதை இப்படிப் பிரிக்கலாம். வார்னிங்குக்கு மேலே 'எங்கிருந்து இன்லைன் ஆனது' என்று ஒரு சங்கிலி வரும், நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரே வரிக்கு ஒரு அழைப்பிடத்திலிருந்து வார்னிங் வந்து இன்னொன்றிலிருந்து வரவில்லை என்றால் அந்த இரண்டு அழைப்பிடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். அப்புறம் அந்த ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் -எஃப்நோ-த்ரெட்-ஜம்ப்ஸ் கொடுத்துக் கட்டிப் பாருங்கள். வார்னிங் மறைந்தால் ஏதோ ஒரு கண்டிஷன்தான் பாதையைப் பிரித்திருக்கிறது, அந்தக் கண்டிஷனைத் தேட வேண்டும். மறையவில்லை என்றால் காரணம் வேறு, லூப்பாகவோ டைப்பாகவோ இருக்கும். இந்த ஃபிளாக் நோய் எங்கே என்று பார்க்க மட்டும், மேக்ஃபைலில் நிரந்தரமாக ஏற்றிவிடாதீர்கள்.

————

பழைய_டிரைவர் எழுதியது:

அக்கா சொன்ன கேஸ் சரி, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஜிசிசி சொல்வதெல்லாம் வேதம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கெர்னல் ஏன் இதை அணைத்து வைத்திருக்கிறது என்று யோசித்தீர்களா?

2020 மே மாதம் ஜிசிசி 10 வந்த கையோடு லினஸ் டோர்வால்ட்ஸ் இதை அணைத்தார். அப்புறம் கெர்னல் பாதுகாப்பு வேலை செய்கிற கீஸ் குக்கும் மற்றவர்களும் கெர்னல் சோர்ஸ் முழுக்கத் துப்புரவு செய்து 2022-ல் திரும்ப ஆன் செய்தார்கள். அதே ஆண்டு ஜிசிசி 12 வந்தது, அந்த வெர்ஷனுக்கு மறுபடியும் ஆஃப். 2023-ல் ஜிசிசி 13-க்கும் ஆஃப். ஆக உங்கள் கையில் இருக்கிற அதே கம்பைலருக்கு, மெயின்லைன் இது நம்பத்தகுந்ததல்ல என்று முடிவெடுத்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் இதை எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. ஒன்றுகூட இல்லாத பில்டு என்பதை மட்டுமே இலக்காக வைத்தால், நல்ல கோடைக் கெடுத்து வார்னிங்கைப் போக்குகிற வேலை ஆரம்பித்துவிடும், அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிஜமாகவே கம்பைலர் பக்கம் தப்பு இருக்கிற இடங்களும் உண்டு. யூபிசானில் (ரன்டைமில் தப்பான செயல்களைப் பிடிக்கும் கருவி) ஷிஃப்ட் சோதனையை ஆன் செய்தால் கம்பைலர் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தானாகவே ஒரு கண்டிஷனைச் செருகும். நீங்கள் எழுதாத அந்தக் கண்டிஷன் பாதையைப் பிரிக்கும், பிரிந்த பாதையில் அரே வார்னிங் வரும். அக்கா விளக்கிய அதே இயந்திரம்தான், ஆனால் சந்தேகத்தைக் கிளப்பியது நீங்கள் இல்லை. ஜிசிசி பக்சில்லாவில் இது 105679 என்ற எண்ணில் இருக்கிறது. ஆகவே முதல் வேலையாக உங்கள் கான்ஃபிகில் யூபிசான் ஷிஃப்ட் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒருமுறை கட்டி, எத்தனை வார்னிங் குறைகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, நேரடி அட்ரஸ். பூட் சமயத்துக் கோடில் ஒரு எண்ணை அப்படியே பாயிண்டராகக் காஸ்ட் செய்து படித்தால், ஜிசிசி 11-லிருந்து அதை அளவு பூஜ்ஜியமான பொருள் என்று நினைத்துக்கொண்டு எல்லைக்கு வெளியே என்கிறது. எதையும் சுட்டாத 'நல்' பாயிண்டருக்குப் பக்கத்து அட்ரஸ் என்று அதற்கு ஊகம். ஐபிஎம் மெயின்ஃபிரேமான எஸ்390-இல் அட்ரஸ் 0-விலிருந்தே லோகோர் என்கிற நிஜமான தகவல் இருக்கிறது, அங்கே இந்த ஊகம் முழுத் தப்பு. இதற்காகத்தான் 2021-ல் அப்சல்யூட்_பாயிண்டர் என்ற மேக்ரோ கெர்னலுக்கு வந்தது, பாயிண்டர் எங்கிருந்து பிறந்தது என்பதைக் கம்பைலரிடமிருந்து மறைத்துவிடும். உங்களுடையது ஐஓரீமேப் செய்து ரீட்எல் போடுகிற சாதாரண டிரைவர் என்றால் இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லை.

நான் என் டீமில் சொல்வது: பேட்ச் போடுகிறவர் கமிட் செய்தியில் 'வார்னிங்கைச் சரிசெய்தேன்' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். எந்த இண்டெக்ஸ், எந்தப் பாதையில், என்ன மதிப்போடு வந்தால் வெளியே போகும் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அவருக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

————

ஜேபிநகர்_நள்ளிரவு எழுதியது:

ஒரு சந்தேகம். நாங்கள் கிளாங் கம்பைலரில்தான் கட்டுகிறோம், மேலே இருக்கிற கோடை அப்படியே போட்டுப் பார்த்தேன், ஒரு வார்னிங்கும் வரவில்லை. அப்போது ஜிசிசிதானே அதிகமாகப் பேசுகிறது?

————

ஒயிட்ஃபீல்டு_அக்கா எழுதியது:

ஜேபி நகர் தம்பி, கிளாங்கில் அதே பெயரில் இருப்பது வேறு பொருள். அது ஆப்டிமைசருக்கு முன்னால், சோர்ஸைப் படிக்கிற கட்டத்திலேயே, இண்டெக்ஸ் கான்ஸ்டண்டாக இருந்தால் மட்டும் பார்க்கும். டேபிள்[4] என்று நேராக எழுதினால் பிடிக்கும். மாறி வழியாக வருகிற வரம்பை அது கணக்கிடுவதில்லை, அதனால் பொய் வார்னிங்கும் குறைவு, இந்த மாதிரி ஓட்டையும் கண்ணில் படாது. கிளாங் சும்மா இருந்தது என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பழைய டிரைவர் சார் சொன்ன கமிட் செய்தி விஷயத்துக்கு நூறு சதவீதம் ஆதரவு.

————

ஓசூர்ரோடு எழுதியது:

அக்கா, சார், மிக்க நன்றி. யூபிசான் ஷிஃப்ட் ஆன் ஆகித்தான் இருந்தது, எடுத்ததும் சில வார்னிங் உதிர்ந்தன. லேன் விஷயத்தில் சரிபார் ஃபங்ஷனை எரர் திருப்புகிற மாதிரி மாற்றிவிட்டேன், அந்தக் கூட்டம் முழுசும் போய்விட்டது.

இப்போது மிஞ்சியிருப்பது ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்புகிற ஸ்ட்ரக்ட். யு16 ஐடி, யு16 நீளம், கடைசியில் யு8 டேட்டா[1]. பழைய ஆட்கள் எழுதியது. டேட்டா[1]-க்கு அப்பால் எழுதுகிற இடங்களில் வார்னிங். 5.10-ல் இதே கோடு ஒரு முனகலும் இல்லாமல் பில்டு ஆனது. ஒன்றை எடுத்துவிட்டு வெற்று அடைப்பு [] போட்டால் போதும் என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள், அவ்வளவுதானா?

கூடவே இன்னொரு வகை: ஒரு ஸ்ட்ரக்ட் 'அன்சைன்ட் சார்[4]' அரேக்கு ஒரு பகுதி வெளியே இருக்கிறது என்று ஒரு வார்னிங். அங்கே அரேயே இல்லை, மெமரி எடுக்கிற கேசட்அல்லாக்தான் இருக்கிறது.

————

அல்சூர்வாசி எழுதியது:

அவ்வளவுதான் இல்லை. ஒன்றை எடுத்தால் சைஸ்ஆஃப் மாறும், இந்த மாற்றத்தில் ஆட்கள் விழுகிற இடம் அதுதான். ஆனால் 5.10-ல் ஏன் வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மிச்சம் புரியும்.

ஸ்ட்ரக்டின் கடைசியில் எந்த அரே இருந்தாலும், அளவு என்ன எழுதியிருந்தாலும், 'இது நீளக்கூடிய அரேயாக இருக்கலாம்' என்று ஜிசிசி காலங்காலமாக விட்டுக்கொடுத்து வந்தது. சி99-க்கு முன்னால் வெற்று அடைப்பு கிடையாது, எல்லோரும் [1] அல்லது ஜிஎன்யூ வழியில் [0] போட்டார்கள், அவர்களுக்கான சலுகை அது. அந்தச் சலுகையின் விலை என்னவென்றால், நிஜமாகவே 16 பைட் மட்டும் உள்ள அரே கடைசியில் இருந்தாலும் அதற்கும் காவல் இல்லாமல் போனது. ஜிசிசி 13-லும் கிளாங் 16-லும் -எஃப்ஸ்ட்ரிக்ட்-ஃபிளெக்ஸ்-அரேஸ் என்ற ஃபிளாகின் 3 என்ற மட்டம் கிடைத்தது, கெர்னல் 6.5-லிருந்து அதை எல்லா இடத்துக்கும் வைத்துவிட்டார்கள். இப்போது [1] என்றால் ஒன்றுதான், [0] என்றால் ஒன்றுமில்லை, வெற்று அடைப்பு மட்டும்தான் நீளும். நீங்கள் கம்பைலரையும் கெர்னலையும் ஒரே சமயத்தில் மாற்றியதால் இரண்டும் சேர்ந்து தெரிகிறது. இது வார்னிங்கோடு நிற்கப் போவதில்லை: யூபிசான் பவுண்ட்ஸ் ஆன் செய்திருந்தால் ரன்டைமில் டீமெசேஜில் (கெர்னல் லாக்) கத்தும், மெமரி நகலைச் சோதிக்கிற ஃபோர்டிஃபை சோர்ஸும் மெம்காப்பி ஃபீல்டைத் தாண்டுகிறது என்று எச்சரிக்கும். ஆகவே இதைச் சரி செய்தே ஆக வேண்டும், வார்னிங்கை அணைத்துத் தப்பிக்க முடியாது.

சரி, சைஸ்ஆஃப். உங்கள் ஸ்ட்ரக்டைக் காகிதத்தில் போடுங்கள். ஐடி 2 பைட், நீளம் 2 பைட், டேட்டா[1] 1 பைட், ஆக 5. யு16 இருப்பதால் அலைன்மெண்ட் 2, கடைசியில் ஒரு பேடிங் பைட் சேர்ந்து சைஸ்ஆஃப் 6. பழைய ஆள் மெமரி எடுக்கும்போது என்ன எழுதியிருப்பார்? அநேகமாக சைஸ்ஆஃப் கூட்டல் நீளம் கழித்தல் 1. அதாவது 5 கூட்டல் நீளம். ஆனால் டேட்டா தொடங்குவது 4-ஆவது பைட்டில், தேவையானது 4 கூட்டல் நீளம்தான். ஆக இத்தனை காலமும் ஒரு பைட் கூடுதலாக எடுத்து, ஒருவேளை அதே கணக்கையே டிஎம்ஏ நீளமாகவும் கொடுத்து, ஃபர்ம்வேருக்கு ஒரு பைட் கூடுதலாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். (ஸ்ட்ரக்ட் பேக்டு என்று குறித்திருந்தால் சைஸ்ஆஃப் 5, கணக்கு சரியாக வந்திருக்கும். அதை முதலில் பாருங்கள்.)

வெற்று அடைப்பு போட்டதும் சைஸ்ஆஃப் 4 ஆகிவிடும். பழைய 'கழித்தல் 1' அப்படியே கிடந்தால் இப்போது 3 கூட்டல் நீளம், ஒரு பைட் குறைவு. வார்னிங்கைப் போக்கப் போய் நிஜமான ஹீப் ஓவர்ஃப்ளோவைக் கையால் எழுதியதாகிவிடும். அதனால் அந்த ஸ்ட்ரக்ட் பெயரோடு வருகிற ஒவ்வொரு சைஸ்ஆஃபையும் கிரெப் போட்டு எடுத்து ஸ்ட்ரக்ட்_சைஸ் மேக்ரோவுக்கு மாற்றுங்கள். அது கூட்டல் பெருக்கலில் ஓவர்ஃப்ளோ ஆனாலும் பார்த்துக்கொள்ளும், 2018-லிருந்தே கெர்னலில் இருக்கிறது. கூடவே டேட்டாவுக்கு கவுண்டட்_பை குறியீட்டையும் போட்டுவிடுங்கள், நீளம் என்கிற ஃபீல்டுதான் எண்ணிக்கை என்று கம்பைலருக்குத் தெரியட்டும். உங்கள் ஜிசிசி 13-க்கு அது புரியாது, கெர்னல் மேக்ரோ அதை வெறுமையாக்கிவிடும், கெடுதல் இல்லை. ஜிசிசி 15-க்குப் போகிற அன்றைக்கு யூபிசான் அதை வைத்து நிஜமான எல்லையைச் சோதிக்கும். ஒரே நிபந்தனை, டேட்டாவைத் தொடுவதற்கு முன்னால் நீளத்தை எழுதிவிட வேண்டும். அல்லாக் செய்ததும் அடுத்த வரியே அதுவாக இருக்கட்டும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பாஹோல் என்ற கருவியை ஓட்டி ஸ்ட்ரக்ட் அமைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள், டேட்டா 4-ஆவது பைட்டிலேயே இருக்க வேண்டும். அப்புறம் அந்தக் கூடுதல் ஒரு பைட்டைப் பற்றி ஃபர்ம்வேர் டீமிடம் கட்டாயம் கேளுங்கள். அவர்கள் பக்கமும் அதே ஹெடரை [1]-உடன் வைத்து, வருகிற நீளத்தை அதே தப்பான கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தால், உங்கள் சரியான பாக்கெட்டை அவர்கள் தூக்கி எறிவார்கள். அப்படியானால் வயரில் போகிற நீளத்தை இப்போதைக்குப் பழையபடியே வைத்து, ஏன் என்று ஒரு கமெண்ட் எழுதுங்கள். ஹெடரை யூசர்ஸ்பேஸும் பயன்படுத்துகிறது என்றால் அளவை மாற்றவே கூடாது, அங்கே யூனியனுக்குள் __டிக்ளேர்_ஃபிளெக்ஸ்_அரே போட்டு, பழைய [1]-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வார்னிங்: கேசட்அல்லாக்குக்கு எவ்வளவு பைட் கேட்கிறீர்கள் என்பது ஜிசிசிக்குத் தெரியும், அந்த ஃபங்ஷனில் அதற்கான அட்ரிபியூட் இருக்கிறது. 4 பைட் எடுத்து அதை முழுக் கட்டளை ஸ்ட்ரக்டாகக் காஸ்ட் செய்தால், 4 பைட் உள்ள ஒரு பெயரில்லாத அரேயின் மேல் 6 பைட் பொருளை வைத்ததாக அது எடுத்துக்கொள்கிறது. தலைப்பு ஃபீல்டு இரண்டை மட்டும்தான் தொடுகிறேன் என்று நீங்கள் சொன்னாலும், அந்த டைப்பில் பாயிண்டர் கையில் இருக்கிறவரை நாளைக்கு யாரோ டேட்டாவைத் தொடுவார்கள். வெற்று அடைப்புக்கு மாறினாலே இந்த இடத்தில் இது தானாகப் போய்விடும், சைஸ்ஆஃப் 4 ஆகிவிடுவதால். போகாமல் வேறு இடத்தில் நின்றால் முழு அளவுக்கு மெமரி எடுங்கள், இரண்டு பைட்டில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்.

கணக்கு குழம்பினால் ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் வாருங்கள், உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.

————

ஓசூர்ரோடு எழுதியது:

அல்சூர் அண்ணே, பேக்டு இல்லை. நீங்கள் சொன்னபடியே கழித்தல் 1, அதுவும் ஒரு இடத்தில் இல்லை, ஹெல்பர் ஃபங்ஷனில் ஒன்றும் ரீட்ரை பாதையில் ஒன்றும். ரீட்ரை பாதையில் மட்டும் யாரோ கழித்தல் 2 போட்டிருந்தார்கள், அதாவது அவருக்கு இந்தப் பேடிங் தெரிந்திருக்கிறது, ஹெல்பரைத் தொடாமல் விட்டிருக்கிறார். இரண்டையும் ஸ்ட்ரக்ட்_சைஸுக்கு மாற்றியாயிற்று. ஃபர்ம்வேர் டீமிடம் கேட்டேன், அவர்கள் ஹெடரில் இருக்கிற நீளத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள், வருகிற மொத்த பைட்டை ஒப்பிடுவதில்லை என்றார்கள், அதனால் சரியான நீளத்தையே அனுப்புகிறோம்.

லேன் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். சரிபார் ஃபங்ஷன் எரர் திருப்ப ஆரம்பித்ததும், லேபில் இருந்த புது ரிவிஷன் போர்டு ஒன்றில் ப்ரோப் தோற்றது. அந்தச் சிப்பில் மொத்தம் 5 லேன்கள், டிவைஸ் ட்ரீயில் 0 முதல் 4 வரை சரியாகவே எழுதியிருக்கிறார்கள். லேன் பெயர்களுக்கு எண் கொடுக்கிற ஈனம் பட்டியலில் ஐந்தாவது பெயரைச் சேர்த்தவர் டேபிள்களைத் தொடவில்லை, டேபிள் 4 என்று எண்ணாகவே எழுதப்பட்டிருந்தது, சோதனையிலும் 4. அந்த போர்டில் ஐந்தாவது லேன் ஆஃப்செட் டேபிளுக்கு அடுத்து மெமரியில் என்ன இருந்ததோ அதைப் படித்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. டெவ்_எர்ர் வரி லாகில் இருந்திருக்கிறது, பூட் சமயத்துக் கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. இப்போது டேபிள் அளவை ஈனமின் கடைசிப் பெயரிலிருந்து எடுக்கிறோம், சோதனையில் அரே_சைஸ்.

பழைய டிரைவர் சார் சொன்னபடி கமிட் செய்தியில் இண்டெக்ஸ் எது, பாதை எது, மதிப்பு எது என்று எழுதிவிட்டேன். ஐந்தாவது லேனுக்கான நிஜமான ஆஃப்செட் மதிப்பு டேட்டாஷீட்டில் இருக்கிறது, கெயின் மதிப்பு இல்லை, அதை சிப் டீமிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் பேட்சை அனுப்புகிறேன்.